எண்பத்தேழாம் பக்கத்து அடிக்குறிப்பு

எலோயிசாவுக்கு முழங்கால் இரண்டும் எரிந்தன. விடிந்ததிலிருந்து கோயிலில் அப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு மூன்று செபமாலை ஆயிற்று. பெஞ்சைப் பிடித்து அவள் எழுந்தபோது, வல்பரைசோவின் நாடாளுமன்ற உறுப்பினர் அப்பாவின் புத்தகத்தை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார்.

"தொழிலாளி தன் நாளை விற்கலாம், தன்னை விற்க முடியாது. காலையில் கொண்டுவந்த மாண்பு மாலையில் குறையாமல் வீடு திரும்ப வேண்டும். அதைக் காப்பதற்குத்தான் அரசு."

பேராசிரியர்களும் சாமியார்களும் தலையாட்டினார்கள். கதவோரம் நின்ற கிழவர் மட்டும், "மாண்பு இல்ல, விரலு" என்றார்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இடக்கையில் மூன்று விரல்தான் இருந்தது. எலோயிசா காப்பியோடு அவரிடம் போனாள்.

"என்ன சொன்னீங்க?"

"'வந்த விரலோட வீட்டுக்குப் போகணும்'னு சங்கத்து வியாழக்கிழமைக் கூட்டத்துல நான்தாம்மா சொன்னேன். உங்கப்பா டோன் லிசாந்த்ரோ அப்பவே எழுதிக்கிட்டாரு. பெரிய மனுசங்க படிக்கணும்ல, விரல மாண்பாக்கிட்டாரு!"

"நீங்க ஒனோஃப்ரே தாபியாவா?"

"அட, பேரு தெரிஞ்சிருக்கே!"

அந்தப் பெயருக்கு எப்படிப்பட்ட முகம் இருக்கும் என்று பதினோரு வருடமாக அவள் யோசித்திருக்கிறாள். கைப்பிரதியில் அந்த வரிக்கு அடிக்குறிப்பாக அது இருந்தது. கோயிலுக்கு வராத தொழிற்சங்கக்காரன் பெயரோடு புத்தகத்தை அச்சிட ஆயரின் அனுமதி கிடைக்காது என்று தணிக்கைச் சாமியார் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார். அப்பா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள், "அந்தப் பக்கத்த மட்டும் திரும்ப டைப் பண்ணிரும்மா" என்றார்.

கிழவர் கக்கத்திலிருந்து செய்தித்தாள் சுற்றிய புத்தகத்தை எடுத்தார். "அச்சுக்குப் போறப்ப, 'உன் பேரப் போட்டிருக்கேன்'னாரு. புத்தகத்தக் குடுக்கறப்ப ஒண்ணும் சொல்லல. என் கையப் பிடிச்சுக்கிட்டே நின்னாரு. சங்கத்துப் பயலுக தேடிட்டு இல்லங்கிறானுக. அவனுகளுக்கு எங்க படிக்க வருது! எனக்கு எழுத்தே தெரியாது. எங்க இருக்குன்னு நீ காட்டும்மா."

எந்தச் சொல்லைத் தொட்டுக் காட்டினாலும் நம்பிவிடுவார். எலோயிசா எண்பத்தேழாம் பக்கத்தைத் திறந்து, அடியில் ஒன்றுமில்லாத இடத்தில் விரலை வைத்தாள்.

"இங்க இருந்துச்சு. ஆயர் அனுமதிக்காக அப்பா எடுத்துட்டாரு. எடுத்து டைப் பண்ணது நான்."

கிழவர் அந்த வெறும் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காப்பியை ஒரே மடக்கில் குடித்தார்.

மணி அடித்தது. பெட்டி தூக்க ஆள் கூப்பிட்டார்கள். பேராசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கிழவர் முதலில் போய், தலைப்பக்கம் குனிந்து தோளைக் கொடுத்தார்.

"நல்ல கனம்" என்றார். வாசல் தாண்டும்போது எலோயிசாவைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்கப்பா எனக்கு ஒரு பேரு பாக்கிம்மா."