சுவருக்கு இந்தப் பக்கம்

திரையில் சிவப்புப் புள்ளி மின்னினால் அது முட்டுச்சந்து. 'இந்தத் தெரு எதோடும் சேராமல் அந்தரத்தில் நிற்கிறது' என்று மென்பொருள் கோள் சொல்கிறது. உண்மையிலேயே வழி இல்லையா, போனில் வழிகாட்டும் வரைபடத்தை வரைந்தவர் கோட்டைப் பாதியில் விட்டுவிட்டாரா என்று பார்ப்பதுதான் அவன் வேலை.

ஆனால் அவன் சரக்கைத் தொட்டுப் பார்க்காமலே விலை பேசி முடிக்கிற ரகம். தெருமுனைக்கும் அடுத்த சாலைக்கும் நகக்கண் அளவு இடைவெளி இருந்தால் போதும், ஒரு கோடு இழுத்துச் சேர்த்துவிடுவான்.

"படத்தைப் பெருசாக்கிப் பாத்தீங்களா சார்? நடுவுல சுவர் கிவர் இருக்கப்போகுது" என்பாள் பக்கத்து மேசைக்காரி.

"இருந்தா முட்டிக்கிறவன் சொல்லுவாம்மா."

முட்டிக்கொண்டவர்கள் சொல்லவில்லை. அப்பா சொன்னார்.

அம்மா போனபின் ஒரு சிறிய வாடகை வீட்டுக்குக் குடிமாறியவர் அவர். சாமான் ஏற்ற இவன் வேன் அனுப்பினான். வேனோடு கடமையும் இறங்கிவிட்டது. அந்த வீட்டு வாசலை இவன் மிதித்ததே இல்லை. வாரம் ஒரு போன், "மாத்திரை போட்டீங்களா?", அவ்வளவுதான். இந்த வாரம் அப்பாவின் குரலில் கல்யாண வீட்டுக் களை.

"வாசல்ல ஒரே கூட்டம்டா! காரும் வேனும் சுவத்துல முட்டாத குறையா வந்து நிக்குது. போன்ல வழி காட்டுதாம். நான்தான் தண்ணி குடுத்து திருப்பி அனுப்புறேன். நேத்து ஒரு டிரைவர் உக்காந்து பேசிட்டே இருந்தாரு, தங்கமான மனுஷன்."

அந்தத் தெருவைத் தேடி எடுத்தான். கோடு இவன் போட்டதுதான். பெற்றவர் இருக்கும் தெரு கண்ணெதிரே வந்தும் அன்று அடையாளம் தெரியவில்லை. போயிருந்தால்தானே தெரியும்!

"அது என் தப்புப்பா. இப்பவே அழிச்சிடுறேன்."

 அப்பா மெதுவாக, "கொஞ்ச நாள் இருக்கட்டுமேடா. அதுங்களும் வரலேன்னா இங்க யாரு வருவா?"

"ஆம்புலன்ஸ் வந்து மாட்டிக்கிட்டா?"

"ஆமால்ல... அப்ப அழிச்சிரு." குரலில் அந்தக் களை வற்றிப்போயிருந்தது.

அழித்தான். சிவப்புப் புள்ளி மறுபடி மின்னியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவன் சட்டென்று எழுந்தான்.

"எங்க சார் கெளம்பிட்டீங்க?"

"சுவரைப் பாத்துட்டு வரேம்மா."

தெருக்கோடியில் கார் நின்ற சத்தம் கேட்டதும் கடைசி வீட்டுக் கதவு திறந்தது. கையில் தண்ணீர்ச் செம்போடு அப்பா. வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு, பழகிய பாட்டைப் பாடினார்: "இந்தப் பக்கம் வழி இல்லீங்க. வந்த வழியே திரும்பிப் போயிருங்க."

"நான் இங்கதாம்ப்பா வந்தேன்."

 அப்பா அவனை மேலும் கீழும் பார்த்தார். பின்னால் நின்ற சுவரையும் பார்த்தார்.

"சுவர் கட்டினவன் தெருவைத்தான்டா அடைச்சான். பெத்தவங்க வீட்டை அடைக்கிறது, வந்து பாக்காத பிள்ளைங்கதான். உள்ள வா."