காதம்பரி யார்?

கல்யாணமாகி மேட்டூரிலிருந்து மைசூருக்கு வந்த இரண்டாவது மாதமே, என் வீட்டுக்காரருக்கு வேறொருத்தி இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டேன். பெயர் காதம்பரி. பெயரைப் பாருங்கள்! கேட்டதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொஞ்ச நாளாகவே ரவிக்குமாரின் போக்கு சரியில்லை. தோசையைத் தட்டில் வைத்துக்கொண்டு, போனைப் பார்த்துத் தானாகச் சிரிப்பார். ஒருநாள் கண்ணைத் துடைத்தார். கேட்டால் சட்னியில் காரமாம். தேங்காய்ச் சட்னியில் என்ன காரம்? அப்புறம் ஒரு சனிக்கிழமை, கர்நாடகத்து ஹனூரில் தன்னோடு படித்த சந்துருவிடம் பால்கனியில் நின்று போனில் பேசியதை என் காதாலேயே கேட்டேன்.

“முன்னெல்லாம் காதம்பரியை மடியில வெச்சாத்தான்டா எனக்குச் சோறே எறங்கும். இப்ப எல்லாம் போன்லதான். பஸ்ஸுல காதுல மாட்டிக்கிட்டா ஆபீஸ் வரைக்கும் கூடவே வருது. இருந்தாலும் கையில புடிக்கற சொகம் வருமா?”

கூடவே வருதாம்! எங்கள் பக்கம் சின்ன வயசுப் பெண்ணை ‘அது’ என்றுதான் சொல்வோம். ஆசையாக வேறு சொல்கிறார். அழுதேன், மூக்கைச் சிந்தினேன், பழனியண்ணனுக்குப் போன் போட்டேன். “நான் பெட்டியைக் கட்டறேன். வந்து கூட்டிட்டுப் போண்ணா.”

மறுநாள் அண்ணன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மைசூர் விஜயநகரிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். சண்டைக்கு வருகிற ஆளுக்கு வாழைப்பழம் எதற்கு? அதிலும் எனக்குக் கோபம்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். “மாப்பிள்ளை, காதம்பரி விசயம் எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுங்க.”

இவர் முகம் மலர்ந்துவிட்டது. “அட! மச்சானுக்கும் அந்தப் பழக்கம் உண்டுங்களா?”

அண்ணன் என்னைப் பார்த்தார். “எனக்கா? சேச்சே! உங்களுக்கு எத்தனை வருசமா?”

“பள்ளிக்கூடத்துல படிக்கறப்ப இருந்துங்க. எங்கம்மாதான் பழக்கிவிட்டாங்க.”

“அம்மாவா!”

“இப்ப ஒரே சமயத்துல மூணு ஓடுதுங்க. அதுதான் தப்பு. போன்ல ஒண்ணைத் தொட்டா மெசேஜ் வருது, வீடியோ வருது, மனசு தாவுது. முன்னெல்லாம் ஒண்ணையே புடிச்சு, ரெண்டு நாள்ல முடிச்சிருவேன்.”

“முடிச்சிருவீங்களா?” என்று அண்ணன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

மூணா! அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. போனைப் பிடுங்கினேன். “காட்டுங்க அவளுக மூஞ்சியை!”

திரை முழுக்கக் கன்னட எழுத்து. வரிவரியாய், கடலை கொட்டினதுபோல. தேய்த்தேன், தள்ளினேன். மறுபடியும் எழுத்துதான்.

“எங்க அவ?”

“யாரு?”

“காதம்பரி!”

“இதுதான் காதம்பரி. கதை. பெரிய கதைப் புத்தகம். நான் கன்னடத்துல படிச்சவன், தமிழ்ல என்னமோ சொல்லுவாங்களே…”

“நாவலுங்களா?” என்று அண்ணன் ஈனசுரத்தில் கேட்டார்.

“ஹௌது, அதேதான், நாவல்! அதைத்தான் கன்னடத்துல காதம்பரிம்பாங்க.”

அண்ணன் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அவருக்குப் புரையேறி நான் முதுகில் தட்ட, எனக்கு விக்கல் வந்து இவர் தண்ணீர் கொண்டுவர, நடந்ததை ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். இவர் சிரிக்கவில்லை. ஓரமாக இருந்த பெட்டியைப் பார்த்தார்.

“நெசமாலுமே போயிருப்பியா?”

“போயிருப்பேன்” என்றேன். உடனே அழுகை வந்துவிட்டது. சந்தோஷ அழுகைதான், நிற்கத்தான் மாட்டேன் என்றது. “மடியில வேண்டாம், காதுலயும் வேண்டாம். எனக்கும் கேக்கற மாதிரி சத்தமாப் படிங்க.”

“உனக்குக் கன்னடம் புரியாதே?”

“புரியாத எடத்துல கிள்ளறேன். நிறுத்தித் தமிழ்ல சொல்லுங்க.”

அண்ணன் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு கதை கேட்க உட்கார்ந்தார். இவர் ஆரம்பித்தார். முதல் பக்கம் முடிவதற்குள் இவர் கை சிவந்துவிட்டது.