கறுப்புக் கிடா முட்டிய கதவு

மாட்டு டாக்டரம்மாவின் ஜீப்புக்கு மேலே கறுப்புப் படுதாக் கூரை உண்டு, முன்னால் கண்ணாடி உண்டு. கதவு என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. வாங்கும்போதே கிடையாது. மலைப்பாதையில் ஒரு பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தால், அவளுக்கு முன்னால் அவள்மேல் அப்பிய சேறுதான் இறங்கும். ஒருமுறை சினைமாட்டுக்காரர் ஒருவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பிரசவம் முடிஞ்சிருச்சா டாக்டர்?" என்று கேட்டார். அவள் அப்போதுதான் வந்தே சேர்ந்திருந்தாள்.

அன்று மாலை புருஷனைப் பிடித்துக்கொண்டாள். அவர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்பவர்.

"ஊருக்கெல்லாம் போர்டு செஞ்சு மாட்டுறீங்க. என் ஜீப்புக்கு ரெண்டு கதவு மாட்டக்கூடாதா?"

"தகரத்துல அடிச்சுத் தரேன்."

"தகரம் வேண்டாங்க. ஓடையில இறங்கும்போது முன்சக்கரம் எந்தக் கல்லுமேல ஏறுதுன்னு குனிஞ்சு பார்த்துதான் ஓட்டுறேன். அதை மறைச்சா நானும் ஜீப்பும் ஓடையிலதான் கிடப்போம்."

அவருக்கு அது போதும், சாப்பாட்டைப் பாதியில் விட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார். முதலில், பெயர்ப்பலகைக்கு வைத்திருந்த, கண்ணாடி போல ஊடே தெரியும் அக்ரிலிக் தகடு ஒன்றை வெட்டிப் பார்த்தார். கீல் மாட்டத் துளை போட்டதும் 'டப்' என்று விரிசல் விட்டது. "நீ கடை வாசல்ல தொங்கத்தான் லாயக்கு" என்று அதைத் திட்டிவிட்டு, அதே போல ஊடே தெரிந்தாலும் வளைந்து கொடுக்கும் பாலிகார்பனேட் தகடு இரண்டை எடுத்தார். வெயிலில் தகடு விரியும் என்று போல்ட்டைவிடக் கொஞ்சம் பெரிதாகத் துளை போட்டு, ரப்பர் வாஷர் வைத்து முடுக்கினார். ஓரங்களை அரம் போட்டு மழுக்கினார். கடைசியில் மேலே ஒட்டியிருந்த காகிதத்தை உரிக்கும் பெருமையை மட்டும் மனைவிக்கு விட்டுக்கொடுத்தார்.

உரித்து முடித்தவள் கேட்டாள். "எல்லாம் சரி, கதவு எங்கங்க?"

"உன் மூக்குக்கு நேரா இருக்கு. மோதிக்காதே."

சேறு வெளியே நின்றுவிட்டது. ஆனால் தெரு மொத்தமும் உள்ளே வந்துவிட்டது. இதுவரை சேறு மறைத்திருந்த அவள் கால் இரண்டும் இப்போது ஊர்ச் சொத்து. டயர் கடைக்காரர் எதிர்ப்பக்கத்திலிருந்து கத்தினார்: "கிளட்ச்சுலேருந்து காலை எடுங்க டாக்டர், பிளேட் தேஞ்சிரும்!" வங்கி வாசலில் ஒரு பெரியவர் அவளுடைய ரப்பர் பூட்ஸில் இருந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டி வருத்தப்பட்டார்.

நாலாம் நாள் பண்ணைக்கார அக்கா ஒருத்தி போன் செய்தாள். "என் கறுப்புக் கிடா மூணு நாளா எழுந்திருக்கவே மாட்டேங்குறான் டாக்டர். புல்லைக் காட்டினாக்கூட மூஞ்சியைத் திருப்பிக்கிறான்."

டாக்டரம்மா போய்ப் பார்த்தாள். கிடா முற்றத்து நிழலில், சீட்டாட்டத்தில் தோற்றவன் மாதிரிச் சுருண்டு கிடந்தது. காய்ச்சல் இல்லை. வயிறு உப்பவில்லை. வாயிலும் குளம்பிலும் புண் இல்லை. கண்ணின் இமையை விலக்கிப் பார்த்தாள்; அங்கும் குறையில்லை. எதற்கும் ஒரு சத்து ஊசி போடலாம் என்று ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, காற்றுக்கு அடித்துக்கொண்ட கதவைச் சாத்திவிட்டுப் பையைத் துழாவினாள்.

கறுப்புக் கூரையின் இருட்டு பின்னால் இருந்ததால், வெளியிலிருந்து பார்த்தால் கதவு அப்படியே முகம் பார்க்கும் கண்ணாடி ஆகியிருந்தது. முற்றத்துக் கிடாவுக்கு அதில் இன்னொரு கறுப்புக் கிடா தெரிந்தது. படுத்திருந்த கிடா தலையைத் தூக்கியது, உற்றுப் பார்த்தது, எழுந்து நின்றது.

"எழுந்துட்டான்!" என்று கத்தினாள் அக்கா. "டாக்டர், எழுந்துட்டான்... ஐயோ, பின்னால போறானே!"

பத்தடி பின்னால் போன கிடா தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்தது. தொம்! கதவு உள்பக்கம் வளைந்து, கிடாவைப் பந்து போலத் திருப்பி எறிந்தது. டாக்டரம்மாவின் முழங்காலுக்கும் கிடாவின் நெற்றிக்கும் நடுவே இரண்டு விரல் இடம்தான் இருந்தது. அவள் காலைச் சட்டென்று மேலே இழுத்துக்கொண்டாள். கூடவே சிரிப்பும் வந்தது. கிடா தலையை உதறிவிட்டு மறுபடி வந்தது. தொம்! மூன்று முறை முட்டிவிட்டு, நேராகப் போய் ஒரு வாளித் தண்ணீரைக் காலி செய்து, புல்கட்டில் வாயை வைத்தது.

"அக்கா, போன வாரம் இங்க என்ன நடந்துச்சு?" என்று உள்ளிருந்தே கேட்டாள்.

அக்கா முந்தானையை முறுக்கினாள். "இவன்கூட ஒரு சாம்பல் கிடா இருந்துச்சு. ரெண்டும் விடிஞ்சா முட்டல், பொழுது சாய்ஞ்சா முட்டல். இவனாவது நிம்மதியா இருக்கட்டும்னு அதை ஓடைக்கு அந்தப் பக்கம் வித்துட்டேன்."

"அந்த நிம்மதிதான் அக்கா இவனைப் படுக்க வச்சிருக்கு."

"அப்ப இந்தக் கதவை ரெண்டு நாளைக்கு இங்கேயே விட்டுட்டுப் போங்களேன்."

"முட்டி முட்டி மண்டையை உடைச்சுக்குவான். ஏறுங்க, அந்தச் சாம்பல் கிடாவையே போய்க் கூட்டிட்டு வருவோம்."

ஏறிய அக்கா கதவு வழியே கீழே பார்த்த மாத்திரத்தில் இரண்டு காலையும் சீட்டின்மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். "தரை ஓடுது டாக்டர்!" ஓடையில் இறங்கியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டாள். டாக்டரம்மாவோ குனியாமலே சக்கரத்தைப் பார்த்து, தட்டையான கல்லாகத் தேர்ந்து தேர்ந்து ஏற்றிக் கரை சேர்ந்தாள்.

வாங்கினவர் இவர்களைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். "புண்ணியமாப் போகும், கூட்டிட்டுப் போங்க. மோதுறதுக்கு ஆள் இல்லாம என் கிணத்துச் சுவரை இடிச்சுட்டிருக்கான்."

சாம்பல் கிடாவைப் பின்னால் ஏற்றிக் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கினார்கள். இரண்டும் ஒன்றையொன்று மோந்து பார்த்தன. இரண்டும் மரியாதையாகப் பத்தடி பின்வாங்கின. தொம்! அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் கதவில் இருந்த மங்கல் தடத்தைத் தடவிப் பார்த்தார். "யார் மோதினது?"

"நோயாளி."

"ஒரு விரிசல் இல்லை பார்த்தியா!" அவர் முகம் பூரித்துப்போனது. அவள் துடைக்கத் துணியை எடுத்ததும் பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டார். "காய்ஞ்ச துணி படக்கூடாது, கீறல் விழும். சோப்புத் தண்ணியிலதான் கழுவணும்."

"மூணு தடவை கிடா முட்டினதைத் தாங்கிச்சு, துணிக்குத் தாங்காதாக்கும்?"

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்.