அல்பேனியாவுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

1.

இந்தக் கதை ஒரு பிரசுரத்திலிருந்து வந்தது. எட்டுப் பக்கம், டேனிஷ் மொழி, மஞ்சள் அட்டை. தலைப்பு: 'அல்பேனியா – பயணிகளுக்கான நடைமுறைத் தகவல்கள்.' கோப்பன்ஹேகனில் இருந்த ஒரு நட்புறவுச் சங்கம் அதை வெளியிட்டிருந்தது. அந்த நாட்டுக்கு ஆண்டுக்கு இரண்டு தடவை ஆட்களைக் கூட்டிப்போய் வருவார்கள். 1985 ஐப்பசியில் அதைத் தமிழில் வாசித்துச் சொல்லும்படி யசிந்தா என்ற பெண் என்னிடம் கேட்டார். வாசித்துச் சொன்னேன். முழுவதையும் அல்ல.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மறைத்து வைத்தால் கதை எடுபடும் என்று எனக்கும் தெரியும். அப்படி ஒருமுறை எழுதியும் பார்த்தேன். வாசித்த என் மனைவி கிருபாமலர், "ஆக்களைத் திடுக்கிட வைக்கிறதுக்கோ இதை எழுதிறியள்?" என்று கேட்டாள். அந்தத் தாள்களைக் கிழித்துவிட்டேன்.

2.

கைவிட்ட தொடக்கங்கள்:

'யசிந்தா கடலைப் பார்த்தபடி நின்றார்.' (டென்மார்க்கில் நாங்கள் இருக்கிற இக்காஸ்டில் கடல் இல்லை. எந்தப் பக்கம் போனாலும் ஒரு மணித்தியாலம் ஓடவேண்டும்.)

'கணவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத ஒரு பெண்ணின் மனம் என்பது—' (அந்த மனம் எனக்குத் தெரியாது. தெரிந்தது போல எழுதத் தொடங்கியதுமே கை கூசியது.)

'அல்பேனியாவுக்குத் தனியாகப் போகமுடியாது.' (இது பிரசுரத்தின் முதல் வாக்கியம். இதைவிட நல்லதாக ஒன்று எனக்கு வரவில்லை. இதுவே இருக்கட்டும்.)

3.

அல்பேனியாவுக்குத் தனியாகப் போகமுடியாது. குழுவாகத்தான் போகலாம். யூகோஸ்லாவியாவரை விமானம், பிறகு பஸ், பிறகு எல்லையை நடந்து கடக்கவேண்டும்.

யசிந்தாவுக்கு முப்பத்திநாலு வயது. மன்னார், பேசாலை. இக்காஸ்டில் அண்ணன் ஸ்ரனிஸ்லாஸின் வீட்டில் இருந்தார். உடுப்புத் தொழிற்சாலையில் கழுத்துப்பட்டி தைக்கிற வேலை. நானும் அங்கேதான், துணி வெட்டுகிற பகுதியில். எழுபத்தொன்பதிலேயே இந்த நாட்டுக்கு வந்துவிட்டவன் என்பதால் டேனிஷ் ஓரளவு வரும். புதிதாக வந்த தமிழ் ஆட்களுக்கு வருகிற கடிதங்களையெல்லாம் நான்தான் வாசித்துச் சொல்வேன்.

அவருடைய கணவர் பேனாட் ஒரு கிரேக்கக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை செய்தவர். 1983 மார்ச்சில் அந்தக் கப்பல் அல்பேனியாவில் துரஸ் என்ற துறைமுகத்துக்குத் தாதுமண் ஏற்றப் போனது. அங்கே பேனாட்டுக்கு வயிற்றுக்குத்து. கரைக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் விட்டார்கள். நாலாம் நாள் கப்பல் வெளிக்கிட்டுவிட்டது.

கம்பனியிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. முதலாவது: சுகமானதும் அனுப்பிவைப்போம். இரண்டாவது: எங்கள் முகவருக்கு மேலதிக விபரம் எதுவும் கிடைக்கவில்லை. மூன்றாவது கடிதம் வரவில்லை. யசிந்தா அனுப்பிய கடிதங்கள், முகவரியில் எவரும் இல்லை என்ற முத்திரையோடு திரும்பின. பிறகு மன்னார் எரிந்தது. அவர் டென்மார்க்குக்கு வந்து சேர்ந்தார்.

இவ்வளவுதான் பேனாட்டைப் பற்றித் தெரிந்தது.*

* அவர் பாடுவாரா, கோபக்காரனா, என்ன சாப்பாடு பிடிக்கும் என்று வாசகருக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். யசிந்தாவிடம் கேட்டேன். "அதெல்லாம் ஏன் அண்ணை? ஆள் எங்கையெண்டு தெரிஞ்சால் காணும்" என்றார்.

4.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கள் வீட்டுக் குசினி. யசிந்தா மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்தார். பிரசுரத்தைத் தொழிற்சாலையில் ஒரு டேனிஷ்காரி கொடுத்திருந்தாள்.

"தாடி வைத்த ஆண்களுக்கு எல்லையில் சவரம் செய்யப்படும்" என்று வாசித்தேன்.

"பேனாட்டுக்குத் தாடியில்லை."

"உள்ளூர் ஆட்களோடை பயணிகள் தாங்களாகக் கதைக்கிறதைத் தவிர்க்கவேணும். எப்பவும் ஒரு வழிகாட்டி கூட இருப்பார்."

"வழிகாட்டியைக் கேக்கலாம்தானே?"

"கேக்கலாம்போலை."

"சரி. வாசியுங்கோ."

"சமயப் புத்தகங்கள் கொண்டுபோகக் கூடாது. எல்லையிலை எடுத்துப்போடுவினம். அங்கை கோயிலெல்லாத்தையும் மூடிப் பதினெட்டு வருசமாம்."

யசிந்தாவின் கை தன்பாட்டில் கழுத்திலிருந்த சிலுவைக்குப் போனது. "அப்ப அவரை எந்தச் சவக்காலையிலை வைச்சிருப்பினம்? குருசு நட விட்டிருப்பினமோ?" என்றார். உடனே, "வைச்சிருந்தால்" என்று திருத்தினார்.

கிருபாமலர் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள்.

ஐந்தாம் பக்கத்தில் பயண நிரல் இருந்தது. ஏழாம் நாளும் எட்டாம் நாளும் துரஸ். கடற்கரை ஹோட்டலில் இரண்டு இரவு. அதை வாசித்தபோது யசிந்தா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்துக்குக் காத்திராமல், உதடு அசைகிறபோதே சொல்லை எடுத்துக்கொள்கிறவர் போல.

பக்கத்தைத் திருப்பினேன். ஆறாம் பக்கம்: 'அகதிப் பயணப் புத்தகம் வைத்திருப்பவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம். அவர்களுக்கு இதுவரை விசா கிடைத்ததில்லை.'

யசிந்தாவிடம் இருந்தது அந்தப் புத்தகம்தான்.

மனதுக்குள் வாசித்தேன். பிறகு ஏழாம் பக்கத்துக்குப் போய், "பகலிலை வெக்கை, பின்னேரம் குளிரும், ஒரு சுவெற்றர் கொண்டுபோகவேணும்" என்றேன்.

5.

இந்த இடத்தில்தான் கதை எனக்கு மசியவில்லை. யசிந்தாவை எழுதலாம். இந்த மொழிபெயர்ப்பாளன்தான் நம்பமுடியாத பாத்திரம். ஏன் அப்படிச் செய்தான்?

ஒரு பிரதியில் அவனை யசிந்தாமீது ஆசை வைத்தவனாக்கினேன். சுலபமாக இருந்தது, பொய்யாகவும் இருந்தது. இன்னொன்றில் அந்த வரியின் டேனிஷ் அவனுக்கு விளங்கவில்லை என்று எழுதினேன். எனக்கு நன்றாக விளங்கியது. மூன்றாவதில் அது இரக்கம் என்று எழுதினேன். அந்தப் பிரதியைத்தான் கனநாள் வைத்திருந்தேன்.

உண்மை இதுதான். 'இல்லை' என்று சொல்கிற வாய் என்னுடையதாக இருக்கக்கூடாது என்று நினைத்தேன். யாரோ ஒரு அலுவலர் சொல்லட்டும். முத்திரை குத்திய கடிதத்தில் வரட்டும். அதை நான் மொழிபெயர்த்து மட்டும் சொல்லலாம்.

ஏலாது என்று தெரிந்துகொண்டே அவருடைய விண்ணப்பத்தையும் நானே நிரப்பினேன். அவருக்கு ஃபோன் இல்லாதபடியால் என்னுடைய இலக்கத்தை எழுதினேன்.

6.

மாரிகாலம் முழுக்க யசிந்தா ஆயத்தம் செய்தார். பிரசுரத்தின் கடைசிப் பக்கத்தில் பத்து அல்பேனியச் சொற்கள் இருந்தன. வணக்கம், நன்றி, தண்ணீர் என்று சொல்கிறவை. அவருக்கு வேண்டியவை அதில் இல்லை. நூலகத்துக்குப் போய்த் தேடி எடுத்துக் கொடுத்தேன்: ஸ்பித்தால் என்றால் ஆஸ்பத்திரி, புர்ரி இம் என்றால் என் கணவர். மெஷினில் தைத்தபடி அவர் அதைச் சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்டிருக்கிறேன். பக்கத்தில் இருந்த டேனிஷ்காரிகள் செபம் என்று நினைத்தார்கள்.

1986 ஏப்ரில் நடுவில் சங்கத்துப் பெண் எனக்கு ஃபோன் எடுத்தாள். பெயர் பிர்த்த. நல்லவள். விசாப் பட்டியல் வந்துவிட்டது, யசிந்தாவின் பெயர் அதில் இல்லை என்றாள். "ஆறாம் பக்கத்தை அவர் வாசிக்கவில்லையா?" என்று கேட்டாள். அவருக்கு இன்னும் டேனிஷ் வாசிக்க வராது என்றேன். "அப்படியென்றால் யார் வாசித்துச் சொன்னது?"

லைன் சரியில்லை என்று சொல்லி ஃபோனை வைத்தேன்.

நான் எதிர்பார்த்திருந்த 'இல்லை' வந்துவிட்டது. ஆனால் கடிதமாக வரவில்லை. என் காதுக்குள்தான் வந்தது. அதைச் சொல்லவேண்டியவன் மறுபடியும் நானே.

"இண்டைக்கே போய்ச் சொல்லுங்கோப்பா" என்றாள் கிருபாமலர். ஓம் என்றேன். தொழிற்சாலையில் யசிந்தாவைக் கண்டேன். லீவு கிடைத்துவிட்டது என்றார். நல்லது என்றேன்.

அப்படியே மூன்று கிழமை.

7.

(இந்தப் பகுதியைத் தவிர்க்கப் பார்த்தேன். பழக்கம்.)

மே மாதம், ஒரு சனிக்கிழமை காலை. குழு கோப்பன்ஹேகன் மத்திய ஸ்டேஷனில் கூடுவதாக இருந்தது. பாஷை தெரியாதே, நானும் வந்து ஏற்றிவிடுகிறேன் என்று யசிந்தாவுடன் ரயில் ஏறினேன். ஸ்கன்டர்போவில் மாறும்போது சொல்ல நினைத்தேன். வைலயில் நினைத்தேன். ஓடென்ஸவில், "அண்ணை, உங்களுக்கு ஏலாமல் கிடக்கோ? முகம் வெளிறிப்போச்சு" என்று அவர் தான் கட்டிவந்த பாணை எனக்குத் தந்தார். வாங்கிச் சாப்பிட்டேன்.

நியூபோவில் ரயில் கப்பலுக்குள் ஏறும். ஆட்கள் இறங்கி மேல்தட்டுக்குப் போவார்கள். நாங்களும் போனோம். வெய்யில் எறித்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி சொன்னேன்.

"யசிந்தா, உங்களுக்கு விசா வரேல்லை."

அவர் என்னைப் பார்த்தார். "எப்ப தெரியும்?"

"மூண்டு கிழமை." பிறகு, "முதலே தெரியும். அந்த மஞ்சள் புத்தகத்திலையே கிடந்தது" என்றேன்.

அவர் அழவில்லை, ஏசவுமில்லை. கைப்பையைத் திறந்து மஞ்சள் பிரசுரத்தை எடுத்து நீட்டினார். "எந்தப் பக்கம்? வாசியுங்கோ."

"வேண்டாம் யசிந்தா."

"வாசியுங்கோ அண்ணை."

காற்று தாளை அடித்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆறாம் பக்கத்தைத் தமிழில் வாசித்தேன். ஒரு சொல் விடவில்லை. முடிந்ததும் அவர் பிரசுரத்தை வாங்கி மடித்து வைத்தார்.

"வடிவாய்த்தான் தமிழாக்கிறியள்" என்றார்.

8.

திரும்பிப்போவம் என்றேன். அவர் கேட்கவில்லை. கோப்பன்ஹேகன்வரை போனோம். ஸ்டேஷனில் பிர்த்தவும் இருபதுபேரளவில் பயணிகளும் நின்றார்கள். எல்லாரிடமும் சின்னப் பெட்டி, எல்லார் முகத்திலும் சிரிப்பு. யசிந்தா ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போய், நீல்சன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு முன்னால் நின்றார். கைப்பையிலிருந்து பேனாட்டின் படத்தை எடுத்தார். அவரிடம் இருந்த ஒரே படம். பின்பக்கத்தில் பெயர், கப்பலின் பெயர், மாதம், அந்த இரண்டு அல்பேனியச் சொற்கள்.

"சொல்லுங்கோ அண்ணை. துரஸிலை ஆஸ்பத்திரியிலை காட்டச் சொல்லுங்கோ."

சொன்னேன். நீல்சன் படத்தை இரண்டு கையாலும் வாங்கிச் சட்டைப்பையில் வைத்து, பொத்தானையும் பூட்டினார். முயற்சி செய்கிறேன் என்றார்.

(படத்துக்குப் படி ஒன்று எடுத்திருக்கலாம். இந்த வாக்கியத்தை எழுத எனக்கு ஒரு வருடம் ஆனது.)

ஆனியில் நீல்சனின் கடிதம் வந்தது. எங்கள் குசினியில் யசிந்தாவுக்கு வாசித்தேன், ஒவ்வொரு சொல்லாக. 'ஏழாம் நாள் காலை, துரஸில், படத்தை வழிகாட்டியிடம் கொடுத்தேன். அவர் பின்பக்கத்தை வாசித்தார். விசாரிப்பதாகச் சொல்லித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த நாள் வேறொரு வழிகாட்டி வந்தார். படத்தைப் பற்றித் தனக்கு எதுவும் தெரியாது என்றார். நான் மறுபடி கேட்டிருக்கவேண்டும். பயமாக இருந்தது. கேட்கவில்லை. என்னை மன்னிக்கவேண்டும்.'

"பயமாக இருந்தது எண்டு எழுதியிருக்கிறாரோ?" என்று யசிந்தா கேட்டார்.

"ஓம்."

"நல்ல மனுசன்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

9.

முடிவுகள்.

முதலாவது: துரஸில் ஒரு கதவு தட்டப்படுகிறது. மெலிந்த கறுத்த மனிதர் ஒருவர் எழுந்து— (இல்லை.)

இரண்டாவது: குருசு இல்லாத சவக்காலை, ஒரு இலக்கம், அதன்மேல்— (இந்த இலக்கத்தை யார் பார்த்தது?)

மூன்றாவது: யசிந்தா மெல்ல மெல்ல மறக்கிறார். டேனிஷ் படிக்கிறார், கார் ஓடப் பழகுகிறார்— (படித்தார், பழகினார். மறக்கவில்லை.)

இவற்றோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது யசிந்தாவே வீட்டுக்கு வந்தார். போன கிழமை, வேலை முடிந்து நேரே. கோட்டைக் கழற்றவில்லை.

"அண்ணை, நீங்கள் கதை எழுதிறனீங்கள் எண்டு கிருபாக்கா சொன்னவ."

"ஏதோ கிறுக்கிறது."

"எனக்கு ஒண்டு எழுதித் தாங்கோ. அந்த ஆஸ்பத்திரியிலையிருந்து வந்தமாதிரி. இன்ன தேதி, இன்ன வருத்தம், ஆள் செத்துப்போனார் எண்டு. இங்கிலீசிலை."

நான் மேசையில் கிடந்த தாள்களை ஒன்றாக அடுக்கினேன்.

"பங்குச் சாமிக்குக் காட்டவேணும். அண்ணருக்குக் காட்டவேணும். ஊருக்கு அனுப்பவேணும். இருக்கிறவருக்கு ஒரு செபம், இல்லாதவருக்கு ஒரு செபம். ரெண்டையும் ஒரே வாயாலை நாலரை வருசம் சொல்லிப்போட்டன். இனி ஏலாது."

"அது பொய்யல்லோ, யசிந்தா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. "நீங்கள் எனக்குச் சொல்லாமல் விட்டதுக்கு என்ன பேர் அண்ணை?"

10.

கடிதத்தை எழுதத் தொடங்கினேன். மேலே ஆஸ்பத்திரியின் பெயர். நானே இட்டுக்கட்டியது. கீழே, 'பேனாட் என்ற கப்பல் தொழிலாளி எங்கள் மருத்துவமனையில் 1983 ஆம் ஆண்டு—'

அங்கே நிற்கிறது. ஒரு தேதி போட்டால் போதும். மார்ச்சில் எத்தனை நாள் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் எந்த எண்ணைப் போட்டாலும் அன்றைக்கு அந்த மனிதர் சாகிறார். போடாவிட்டால் யசிந்தா சாகாமல் செத்துக்கொண்டிருக்கிறார். பேனாட் பிழைத்திருந்து, எங்கேயோ ஒரு சுவருக்குள் இருந்துகொண்டு நாள் எண்ணுகிறார் என்றால்? பொய் என்று பிறகு தெரியவந்தால்? தெரியவராமலே போனால்? கிருபாமலர் எழுதுங்கோ என்கிறாள். பிறகு வேண்டாம் என்கிறாள். இந்தக் கதையை நான் எழுதியதே அந்தக் கடிதத்தை எழுதாமல் இருப்பதற்குத்தான். இனி எழுத மிச்சம் இல்லை.

வாசகரே, உங்களுக்கு யசிந்தா முகம் தெரியாத ஆள். பேனாட்டை எனக்குத் தெரிந்த அளவுக்கு உங்களுக்கும் தெரியும். அதனால் இடைவெளியை உங்களிடம் விடுகிறேன். ஒரு தேதி போடுங்கள், அல்லது தாளைக் கிழியுங்கள். எதைச் செய்தாலும் தபாலில் அனுப்பவேண்டாம், என்னிடமும் தரவேண்டாம். நீங்களே இக்காஸ்டுக்கு வந்து, மூன்றாம் மாடி ஏறி, மணியை அடித்து, அவருடைய முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள்.