நண்டை ஏமாற்றும் வழி

கானா நாட்டு அக்ராவின் டேஷிப் பகுதியில் ஓடார்லி வேலை பார்த்த ஆய்வுக்கூடத்துக்கு எதிரே ஒகைலேயின் தையற்கடை. மதியம் கெங்கே என்ற சோளமாவு உருண்டையைச் சாப்பிட்டு முடித்ததும் ஒகைலேயும் அவள் கடைப் பெண்கள் மூவரும் ஆய்வுக்கூட முற்றத்துக்கு வந்துவிடுவார்கள், பிலோலோ ஆட. மணலுக்குள் ஏழு குச்சிகளை ஓடார்லி ஒளித்து வைப்பாள். ஒரு குச்சியைக் கண்டெடுத்துக் கோட்டைத் தொட்டால் ஒரு புள்ளி. எதிராளி, ஓடார்லி உருவாக்கிய ரோபோ. தானாகவே தேடும், தானாகவே ஓடும். பக்கவாட்டில் ஓடுவதைப் பார்த்து அதற்கு நண்டு என்று பெயர் வைத்தவள் ஒகைலே.

முதல் நாள் ஏழு குச்சியையும் நண்டே எடுத்தது. கிளறிய மணல் அதன் கேமராவுக்குத் தப்பவில்லை. இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாள் ஒருத்தியும் வரவில்லை.

"கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொல்லுவோம்" என்றான் உடன் வேலை செய்யும் சென்யோ. "ஜெயிச்சா வருவாங்க."

ஓடார்லிக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் சரி என்றாள். மறுநாள் பெண்களைக் கூப்பிட்டு வந்தாள். ஒகைலே ஐந்து குச்சி எடுத்தாள். ஆறாவதைத் தொடப்போகும்போது, குச்சிக்குப் பக்கத்திலேயே நண்டு சும்மா நிற்பதைப் பார்த்துவிட்டாள். கையிலிருந்த குச்சிகளை மணலில் எறிந்தாள்.

"ஏம்மா, எனக்குப் பிச்சை போடுதா இது? ஐம்பத்திரண்டு வயசு ஆகுது எனக்கு. பச்சப்புள்ளைன்னு நெனச்சியா?"

"தப்புதான் அக்கா." ஓடார்லி மழுப்பவில்லை. "சரி, சின்ன வயசுல உங்களைவிட வேகமா ஓடுறவளை எப்படி ஜெயிப்பீங்க?"

"வேகத்துலயா ஜெயிக்கிறது? என் தங்கச்சி எந்தப் பக்கம் கண்ணைத் திருப்புறான்னு பார்ப்பேன். 'கெடச்சிருச்சு!'ன்னு வேற மூலையில போய்க் கத்துவேன். அவ அங்க ஓடுவா. நான் இங்க எடுப்பேன்."

அந்தக் கணமே ஓடார்லிக்கு வழி தெரிந்துவிட்டது. பலவீனமான நண்டு வேண்டாம். ஏமாற்றக்கூடிய நண்டு வேண்டும். ஒரு வாரத்தில் அதற்குப் பெரிய இரண்டு கண்கள் வைத்தாள். அடுத்து எங்கே போகப்போகிறதோ அந்தப் பக்கம் முதலில் கண் திரும்பும். ஆட்கள் ஓடும் திசையையும் கத்தும் குரலையும் அது நம்பும். ஆனால் யார் பொய்க்காரி என்பதை நினைவில் வைத்துக்கொள்ளும். வேகத்தைத் துளியும் குறைக்கவில்லை.

"ஏமாந்துக்கிட்டே இருந்தா?" என்றான் சென்யோ.

"கத்துக்கும். நீ பாரு."

புதுக் கண்களோடு நண்டு இறங்கிய அன்று முற்றத்துச் சுவரைச் சுற்றிக் கூட்டம். நண்டின் கண் வேப்பமரத்தடிக்குத் திரும்பியதுமே ஒகைலே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஓடி, "கெடச்சிருச்சு!" என்று அலறினாள். நண்டு தொட்டிக்குப் பாய்ந்தது. அவள் மரத்தடிக்குத் திரும்பிக் குச்சியோடு கோட்டைத் தொட்டாள். கூட்டம் கைகொட்டியது. இதே தந்திரம் இரண்டாம் முறையும் பலித்தது. மூன்றாம் முறை அவள் அலறியபோது நண்டு நின்றது, அவளை ஒரு பார்வை பார்த்தது, எதிர்மூலைக்குப் போய்க் குச்சியை எடுத்தது.

"அடக் கள்ளி! என்னையே சந்தேகப்படுதே!" ஒகைலே மணலில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தாள்.

ஆட்டம் நான்குக்கு மூன்று என நண்டு பக்கம் முடிந்தது. ஒருத்தியும் கடைக்குத் திரும்பவில்லை.

"இன்னொரு ஆட்டம்" என்றாள் ஒகைலே, கழுத்திலிருந்த அளவுநாடாவைக் கழற்றிச் சென்யோவிடம் கொடுத்தபடி. "இந்தத் தடவை குச்சி இருக்குற இடத்துலயே நின்னு நெசமாவே கத்துவேன். அது நம்பாதுல்ல?"

ஓடார்லி புதிதாகக் குச்சிகளைப் புதைக்கப் போனாள்.