அளவுக்கு நின்றவள்

"குதிகால்ல வச்சு அழுத்திப் பிடிங்க சித்தி. விரல்ல இல்ல, குதிகால்ல."

சித்தி டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் குனிந்து நின்றாள். மகள் டேப்பை இழுத்துக்கொண்டே தலைமாட்டுக்கு வந்தாள். எத்தனையோ தூணையும் வாசலையும் அளந்த கை, இன்றைக்கும் பிசகவில்லை. அழுகை வரவில்லை, தூக்கம் வரவில்லை, பசியும் இல்லை. உடம்பை யாருக்கோ இரவல் கொடுத்துவிட்டு நிற்கிற மாதிரி இருந்தது.

அம்மா காலையில்தான் போனாள். இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்து, நெஞ்சில் சளி கட்டி, "இனி வீட்டுலயே வச்சுப் பாத்துக்குங்க" என்று அனுப்பிவைத்த பிறகு, மகள் தேநீர் போட எழுந்துபோன நேரமாகப் பார்த்துப் போய்விட்டாள். யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் இருப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

சவப்பெட்டி செய்கிறவர் போனில் உயரம் கேட்டார். "நூத்தி அறுபத்திரெண்டு" என்று அப்பா கண்ணைக்கூடத் திறக்காமல் சொன்னார். பிறந்த தேதி கேட்டிருந்தால் முழித்திருப்பார். உயரம் மட்டும் அவருக்கு மனப்பாடம்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அப்பாவைப் போலவே மகளும் கட்டடக்கலைக் கல்லூரியில்தான் பாடம் நடத்துகிறாள். கேட்ட அளவை எழுதாதே, எடுத்த அளவை எழுது என்று முதல் வகுப்பிலேயே மாணவர்களுக்குச் சொல்கிறவள். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அப்பாதான். அதனால் டேப்பை எடுத்தாள். அதோடு, கைக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டியிருந்தது.

டேப் நூற்று ஐம்பத்தேழு காட்டியது.

"இன்னொரு தடவை பாத்துடலாம் சித்தி."

"என்னடி இது, அவளுக்குச் சட்டையா தைக்கப் போறோம்?" என்றாள் சித்தி. ஆனாலும் குனிந்து பிடித்தாள்.

மறுபடியும் அதே நூற்று ஐம்பத்தேழு. மகள் டேப்பைச் சுருட்டாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அப்பாவைப் பற்றிச் சொன்னால்தான் இந்த ஐந்து சென்டிமீட்டரின் கதை புரியும். அவர் கட்டடக்கலைப் பேராசிரியர். ஓய்வு கொடுத்த பிறகும் ஓயாதவர். மற்றவர்கள் வேலையை வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். இவர் குடியிருந்த பழைய வீட்டையே வேலையாக ஆக்கிக்கொண்டார். வருடா வருடம் மாணவர்கள் கூட்டமாக வந்து தூணை அளப்பார்கள், ஜன்னலை வரைவார்கள், உள்ளே ஆள் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டுக் குளியலறையையும் அளப்பார்கள். அம்மா அத்தனை பேருக்கும் தேநீர் கொடுப்பாள். மரபுக் கட்டடம் என்பதால் சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட அவளுக்கு அனுமதி இல்லை. காலண்டர் நாற்காலியில்தான் சாய்ந்திருக்கும்.

கட்டடத்தைப் படம் பிடிக்கும்போது உயரம் தெரிந்த ஒரு பொருளைப் பக்கத்தில் நிறுத்துவது வழக்கம். அப்போதுதான் பார்க்கிறவனுக்குக் கட்டடம் எத்தனை பெரிது என்று புரியும். அதற்கென்று கோடு போட்ட கம்பு உண்டு. அப்பாவின் கம்பு ஆரம்பத்திலேயே எங்கோ தொலைந்துபோனது. அம்மா கூப்பிடு தூரத்தில் இருந்தாள். கல்யாணமான புதிதில் அவளைச் சுவரோரம் நிறுத்தி ஒருமுறை அளந்தார்; நூற்று அறுபத்திரண்டு. அன்றிலிருந்து அவர் எழுதிய எல்லாக் கட்டுரைகளிலும், எல்லாப் படங்களிலும், வாசலுக்கும் தூணுக்கும் பக்கத்தில் அம்மா நின்றாள். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"திரும்பி நில்லு. முகம் தெரிஞ்சா பாக்கிறவன் கண்ணு முகத்துக்குத்தான் போகும், கட்டடத்துக்குப் போகாது" என்பார் அப்பா. மாணவர்கள் அவளுக்கு 'ஸ்கேல் அம்மா' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

பின்கூடத்தில் ஒரு கல் வளைவு இருக்கிறது. அதன் கீழே அம்மாவை நிறுத்தி, ஒரே இடத்திலிருந்து, ஒரே கோணத்தில் வருடத்துக்கு ஒரு படம். படத்தில் வளைவு அம்மாவைப் போல ஒன்றரை மடங்கு என்றால், அம்மாவின் உயரத்தை ஒன்றரையால் பெருக்கினால் வளைவின் உயரம் வந்துவிடும். அவ்வளவுதான் கணக்கு. இந்தக் கணக்கில் சில வருடங்களாகவே வளைவு வளர்ந்துகொண்டு வந்தது. கல் எங்காவது வளருமா? ஆகவே தரைதான் கீழே இறங்குகிறது என்று அப்பா கண்டுபிடித்தார். நான்கு விரற்கடை இறங்கிவிட்டதாம். அதுதான் அவருடைய கடைசி ஆராய்ச்சி. கருத்தரங்குகளில் பேசினார், கைதட்டல் வாங்கினார். பின்கூடத்துக் கற்களையெல்லாம் பெயர்த்துவிட்டு, அடியில் கான்கிரீட் போட்டு வீட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று அறிக்கை எழுதினார். அடுத்த வாரம் மரபுக் கட்டடக் குழு கூடுகிறது. அவர்கள் தலையசைத்தால் கடப்பாரை வந்துவிடும்.

மகள் ஒருமுறை லேசர் கருவியை வைத்து வளைவை அளந்து பார்த்தாள். முதன்முதலில் இந்த வீட்டுக்கு வந்த மாணவர்கள் எடுத்த பழைய அளவும் அவள் எடுத்த அளவும் ஒன்றாகவே இருந்தன. "தரை அசையவே இல்லப்பா" என்றாள். "அந்தப் பசங்க அன்னைக்கே தப்பா எடுத்திருப்பாங்க. போட்டோ பொய் சொல்லாது" என்றார் அப்பா. இரண்டு பேருக்கும் குரல் உயர்ந்தது. அம்மா நடுவில் வந்து தேநீர் வைத்துவிட்டுப் போனாள். கடைசியில் "சமையலறை மேல் தட்டு இப்ப உங்கம்மாவுக்கே எட்டலை, ஸ்டூல் போட்டு ஏறுறா. இதைவிட என்ன சாட்சி வேணும்?" என்று கேட்டார். எங்கோ பிசகு இருக்கிறது என்று மகளுக்குத் தெரிந்தது, எங்கே என்று தெரியவில்லை. விட்டுவிட்டாள்.

அந்த ஸ்டூலிலிருந்துதான் அம்மா விழுந்தாள்.

மருத்துவமனையில் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "எலும்பெல்லாம் தேஞ்சு ரொம்ப நாளாச்சு. முதுகெலும்பு ஒண்ணு மேல ஒண்ணு அமுங்கியிருக்கு. கூன் விழுந்திருக்குமே, நீங்க யாரும் கவனிக்கலையா?" என்று கேட்டார். அப்பா அப்போது வராந்தாவில் இருந்தார். மகள் அதைக் கேட்டாள், தலையாட்டினாள், மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டாள். அப்போதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. இப்போது டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் உறைத்தது. தரை இறங்கவில்லை. அம்மா இறங்கியிருக்கிறாள். வருடா வருடம், படத்துக்குப் படம், எல்லோருடைய கண்ணுக்கும் முன்னால்.

சித்தியிடம் சொன்னாள். சித்திக்கு மடங்கும் கணக்கும் புரியவில்லை. ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அத்தான்கிட்ட சொல்லிடாதேடி" என்றாள் பிறகு. "மனுஷன் ஏற்கெனவே ஆடிப்போயிருக்காரு. பெட்டி கொஞ்சம் பெரிசா வந்தா என்ன கெட்டுப் போச்சு? தாராளமா இருக்கட்டும். இந்த வீட்டுலதான் அவளுக்கு ஒரு ஆணி அடிக்க இடமில்லாம போச்சு."

"பெட்டிக்காக இல்ல சித்தி. அடுத்த வாரம் பின்கூடத்தைத் தோண்டச் சொல்லிடுவாங்க. ஒண்ணுமே ஆகாத தரை."

"தோண்டட்டுமே. கல்லுதானே?"

கல்தான். மகள் அம்மாவைப் பார்த்தாள். ஒருக்களித்துப் படுத்தே பழகியவளை மல்லாத்திக் கிடத்தியிருந்தார்கள். முதுகு படுக்கையில் சரியாகப் படியாமல், தோள் இரண்டும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றன. இத்தனை நாள் இதைப் பார்க்காமல் எங்கே போயிருந்தோம் என்று அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. வந்ததும் மரத்துவிட்டது. சொன்னால் அப்பா என்ன ஆவாரோ. சொல்லாவிட்டால் அவர் அந்தத் தரையைப் பிளந்துவிட்டுத்தான் ஓய்வார். அடியில் ஒரு கோளாறும் இல்லை என்று அன்றைக்கு அவருக்கே தெரியும். இரண்டில் எது கொடுமை என்று அவளுக்கு முடிவுகட்டத் தெரியவில்லை.

அப்பா எழுதும் அறையில் இருந்தார். மேசைமேல் அறிக்கை திறந்திருந்தது. கையில் சிவப்புப் பேனா. விடிந்ததிலிருந்து அதே பக்கம்தான். ஒரு கமாவைக் கூட மாற்றியிருக்கவில்லை.

"துக்கம் கேட்க வர்றவங்களுக்கு நாற்காலி போதுமா?" என்று கேட்டார்.

"போதும்பா."

"பின்கூடத்துல போட வேண்டாம். தரை தாங்காது."

மகள் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. பெட்டி செய்கிறவர். "மரம் அறுக்கப் போறேங்க. அளவை ஒரு தடவை உறுதி பண்ணிக்கிறேன். நூத்தி அறுபத்திரெண்டுதானே?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். ஆமாம் என்ற ஒரு சொல் போதும். எல்லாம் அப்படியே போய்விடும். ஆனால் அளவு என்று ஒருவர் கேட்டால் தப்பாகச் சொல்ல அவள் வாய்க்குப் பழக்கமில்லை. இந்த மனிதர் பழக்கியிருக்கவில்லை.

"இல்லைங்க. நூத்தி அம்பத்தேழு" என்றாள்.

"யாரு எடுத்தது?" என்றார் அப்பா.

"நான்தாம்பா."

"தப்பா எடுத்திருக்கே. அவரை இருக்கச் சொல்லு."

எழுந்து போனார். மகளிடமிருந்து டேப்பை வாங்கினார். சித்தி பழையபடி கால்மாட்டில் குனிந்தாள். அவளுக்கும் இப்போது பழகிவிட்டது. அப்பா டேப்பை இழுத்தார், தலைமாட்டில் வைத்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். கோணலாக இருக்கிறதோ என்று டேப்பை நேராக்கினார். திரும்பவும் பார்த்தார்.

"படுத்தா நீளம் கூடத்தான் கூடும்" என்றார் யாருக்கோ. "குறையாதே."

அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பெருக்குகிறார், வகுக்கிறார் என்று மகளுக்குத் தெரிந்தது. அந்தக் கணக்கை அவள் ஏற்கெனவே போட்டு முடித்திருந்தாள். அவர் போட்டு முடிக்கிற வரைக்கும் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். கால் நகரவில்லை.

உதட்டசைவு நின்றது. அப்பா கையை அம்மாவின் தோளுக்கு அடியில் மெல்ல விட்டார். முதுகில் கை எங்கே தொடுகிறது, எங்கே தொடவில்லை என்று பார்க்கிறவர் மாதிரி கொஞ்ச தூரம் நகர்த்தினார். பிறகு எடுத்துக்கொண்டார்.

"போனைக் கொடு" என்றார்.

கொடுத்தாள்.

"நூத்தி அம்பத்தேழுதான். ஆமா... இல்ல, மொதல்ல நான் சொன்னது பழைய அளவு." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "ரொம்பப் பழசு" என்றார். அகலம் எவ்வளவு, கைப்பிடி எப்படி என்றெல்லாம் கேட்டபோது எல்லாவற்றுக்கும் நிதானமாகவே பதில் சொன்னார். வைத்த பிறகும் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

சித்தி நாற்காலியை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டாள். உட்கார்ந்தார்.

"குழுவுக்கு ஒரு வார்த்தை எழுதிடும்மா. அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கிறோம்னு."

"சரிப்பா."

"காரணம் எழுத வேண்டாம்."

"எழுதலை."

தெருவில் ஒரு வண்டி நின்று கிளம்பியது. வந்தவர்கள் யாரோ என்று சித்தி எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். நம் வீட்டுக்கு இல்லை என்று கையை ஆட்டினாள். அப்பா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க, அந்த முகம் அவருக்குப் பழக்கமில்லாதது என்பது போல மகளுக்குத் தோன்றியது.

"அவ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். "முதுகு வளையுது, நிமிர முடியலைன்னு. உங்கிட்டயாவது எப்பவாவது சொன்னாளா?"

மகள் சித்தியைப் பார்த்தாள். சித்தி வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள். ஆனால் கேட்டுவிட்டார்.

"சொன்னாங்கப்பா" என்றாள் மகள். "தரை இறங்கிடுச்சுன்னு சொன்னாங்க."

"எங்கிட்டயும் அதான் சொன்னா அத்தான்" என்றாள் சித்தி. "டாக்டர்கிட்ட போவோம் வாக்கான்னு நான் கூப்பிட்டதுக்கு, 'எனக்கு ஒண்ணுமில்ல, வீடுதான் இறங்குது, அவரே அளந்து பாத்துச் சொல்லிட்டாரு'ன்னா. உங்களைப் பத்திப் பெருமையாத்தான் சொன்னா."

அப்பா குனிந்து, வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி, நாற்காலிக்கு அடியில் ஒதுக்கி வைத்தார். இரண்டு வெறுங்காலையும் தரையில் நன்றாக ஊன்றி வைத்துக்கொண்டு, பெட்டி வருகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.