மரகதவல்லியின் வலது இமை

மரகதவல்லி தூங்கிக்கொண்டிருக்கிறாள் என்பது மேகலா ஃப்ளாட்ஸில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். அவள் காய்கறி வாங்குவாள். மாவு அரைப்பாள். கரண்ட் போனால் கீழே இறங்கி மெயினைப் பார்ப்பாள். அதையெல்லாம் தூக்கத்தில் செய்கிறாள் என்று வைத்துக்கொண்டார்கள்.

காரணம் இமைகள். ஐம்பதைத் தாண்டியதும் அவை இறங்க ஆரம்பித்தன. முதலில் பாதிக் கண், பிறகு முக்கால். இப்போது அடியில் ஒரு கீற்று மட்டும் பாக்கி. மூடியும் மூடாத கடை ஷட்டருக்குக் கீழே வெளிச்சம் தெரியுமே, அப்படி. அந்தக் கீற்று வழியாக அவளுக்கு எல்லாம் தெரிந்தது. தெரிகிறது என்பது மற்றவர்களுக்குத் தெரியவில்லை.

தூங்குகிறவளுக்கு உண்டான மரியாதை அத்தனையும் அவளுக்குக் கிடைத்தது. லிஃப்டில் ஏறினால் விளக்கை அணைத்துவிடுவார்கள். தள்ளுவண்டிக்காரர் கத்தரிக்காய் விலையை ரகசியம் மாதிரிச் சொல்லுவார். பஸ்ஸில் கண்டக்டர் உதட்டில் விரல் வைத்துக்கொண்டு அடுத்த சீட்டுக்குப் போய்விடுவார். தெருவில் சற்று நின்றால் போதும், யாராவது போர்வை கொண்டுவந்து போர்த்துவார்கள். அக்னி நட்சத்திரத்திலும் போர்த்துவார்கள். அப்படிச் சேர்ந்த போர்வைகளால் வீட்டில் பீரோவைத் திறக்க முடியவில்லை.

இதைவிடப் பெரிய சௌகரியம் ஒன்று இருந்தது. அவள் முன்னால் யாரும் எதையும் மறைக்கவில்லை.

தூங்குகிறவள்தானே. மூன்றாவது மாடி செண்பகம், மாமியாரைக் காசிக்கு அனுப்பிவிட்டு வாசல் பூட்டை மாற்றிய விஷயத்தை, மரகதவல்லியின் முகத்துக்கு நேராக நின்றுகொண்டு தங்கைக்குப் போனில் சொன்னாள். குடியிருப்பு செக்ரட்டரி கஜபதி, கழுவாத தண்ணீர்த் தொட்டியைக் கழுவியதாகச் சொன்ன கதையை அவள் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துச் சொன்னார். கணவர் தணிகாசலம், மின்வாரியத்தில் ரிட்டையர் ஆனவர், மீன் குழம்பில் உப்பு கம்மி என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லாமல் விழுங்கியதை, அவளை வைத்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார். மறுநாள் உப்பு சரியாக இருந்தது. தணிகாசலம் அதை முருகன் செயல் என்று எடுத்துக்கொண்டார்.

அந்தக் குடியிருப்பில் அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அசோசியேஷன் வைத்த கேமராவுக்குக்கூட அவ்வளவு தெரியாது. கேமராவைப் பார்த்தால் ஜனங்கள் புடவையைச் சரிசெய்துகொண்டு நல்லவர்களாகிவிடுகிறார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மகள் மதுமிதாவுக்கு வரன் வந்தது.

பையன் பெயர் ஹரீஷ். குரோம்பேட்டை. ஒரு கதவுக்குப் பின்னால் இருப்பான். பெண் பார்க்க வந்தபோதும் கதவோடுதான் வந்தார்கள். கூடத்தில் நிறுத்திவைத்தார்கள். பஜ்ஜியை அடியில் இருந்த இடைவெளி வழியாகத் தள்ளினார்கள். வெறும் தட்டு திரும்பி வந்தது. தணிகாசலம் கதவைத் தட்டிப் பார்த்தார். "நல்ல தேக்கு" என்றார். பேச்சு முடிந்துவிட்டது.

பையனின் அப்பா நாகலிங்கம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார்.

"பொண்ணோட அம்மா முழிச்சிருக்கணும். தூங்கறவங்க கையில தாம்பூலத் தட்டு குடுக்கற வழக்கம் எங்க பக்கத்துல இல்ல."

"அதுக்கென்ன சம்பந்தி, எங்க அக்கா சகுந்தலா முழிச்சிட்டுதான் இருக்கா. அவ வாங்கிப்பா."

"வாங்கிக்கலாம், தப்பில்ல. இருந்தாலும் அம்மான்னா நல்லாருக்கும். இப்பதான் கண்ணைத் தூக்கிவிட டாக்டருங்க இருக்காங்களே."

மரகதவல்லி அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். யாரோ அவள் காலில் போர்வை போட்டார்கள்.

அன்று சாயங்காலம் அவள் தோசை மாவில் உப்புப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தபோது மதுமிதா சமையலறைக்கு வந்தாள். மேடையில் ஏறி உட்கார்ந்தாள்.

"உனக்குக் கேக்காது. அதான் உங்கிட்ட சொல்றேன். எனக்கு அந்தக் கதவு வேணாம்மா. அப்பாகிட்ட சொல்ல பயமா இருக்கு."

மரகதவல்லியின் கை மாவுக்குள் நின்றது. பிறகு கலக்கியது.

மறுநாள் காலையில் அவள் கணவர் எதிரில் போய் நின்றாள்.

"ஏங்க, மதுவுக்கு இந்த இடம் வேணாங்க."

தணிகாசலம் பேப்பரை இறக்கினார். அவளை இரக்கத்தோடு பார்த்தார். அக்காவைக் கூப்பிட்டார்.

"பாவம்க்கா. தூக்கத்துல உளர்றா."

"வேணாம்னு சொல்றேன்ல!" என்று மரகதவல்லி கத்தினாள்.

"இன்னிக்கு ஜாஸ்தியா இருக்கு" என்றாள் சகுந்தலா. ஃபேனைக் குறைத்தாள்.

ஆக, நிலைமை இதுதான். வேண்டாம் என்று சொல்ல விழித்திருக்க வேண்டும். விழித்துக்கொண்டால் இனி மகள் எதையும் சொல்ல மாட்டாள், குடியிருப்பும் வாயைத் திறக்காது. சும்மா இருந்தாலோ சகுந்தலா தட்டை வாங்கிவிடுவாள். சகுந்தலாவுக்குத் தட்டு என்றால் உயிர். யார் வீட்டுத் தட்டாக இருந்தாலும் சரி.

ஆபரேஷன் தனக்குச் சரிப்படுமா என்று கேட்டுவர மரகதவல்லி புறப்பட்டாள். தணிகாசலம் ஆஸ்பத்திரி வாசல் வரை கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டார்.

அந்த ஆஸ்பத்திரி ஒரு ஜவுளிக் கடைக்கு மேலே இருந்தது. உள்ளே ஒரு நடை. நடக்க நடக்க அது நீண்டது. மரகதவல்லி நடுவில் ஒருமுறை உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள்.

"வயசுக்குத் தகுந்த நீளம்மா" என்றாள் கடைசியில் உட்கார்ந்திருந்த பெண். "காலேஜ் பொண்ணுங்க ஒரு எட்டு வச்சதும் வந்துடுவாங்க. நீங்க முன்னா, பின்னா?"

"என்னது?"

"ஆபரேஷனுக்கு முன்னா, பின்னா?"

"முன்."

"அப்ப இந்த பெஞ்சு."

எதிர் பெஞ்சில் பின்னால் ஆனவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் கொலு பொம்மைக் கண். ஓரத்தில் மரகதவல்லி உட்கார்ந்திருந்தாள். அதே சுங்குடிப் புடவை, அதே கைப்பை. கைப்பையின் ஜிப் மட்டும் ரிப்பேர் ஆகியிருந்தது.

"வந்துட்டியா?" என்றாள் எதிரில் இருந்த மரகதவல்லி.

"வந்துட்டேன். எப்படி இருக்கு?"

"பளிச்சுனு இருக்கு. ஃபேன் றெக்கை மேல இருக்கற தூசி கூடத் தெரியுது."

"வலிச்சுதா?"

"எறும்புக்கடி. அது கிடக்கட்டும்." அவள் முன்னால் சாய்ந்தாள். "செண்பகத்தோட மாமியார் காசியிலேர்ந்து வந்துட்டாளா? பூட்டைப் பாத்துட்டு என்ன சொன்னா?"

"உனக்குத் தெரியாதா?"

"எங்கிட்ட யாருடி சொல்றாங்க? பாத்தா சாப்டீங்களாங்கறாங்க. வெயில் ஜாஸ்திங்கறாங்க. லிஃப்டுல ஏறினா எல்லாரும் நம்பரையே பாத்துட்டு நிக்கறாங்க. நம்ம வீட்டு மனுஷன் குழம்பு பிரமாதங்கறார்."

"உப்பு?"

"அதுதான் தெரியல."

இவள் தன் கைப்பையின் அறுந்த ஜிப்பை இழுத்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"மது?"

"கல்யாணம் ஆயிடுச்சு."

"நீ வேணாம்னு சொல்லலியா? முழிச்சிட்டுதான இருந்த?"

"சொன்னேன். அவ அப்பா மதுவைக் கூப்பிட்டு எம் முன்னாடியே கேட்டார். எனக்குச் சம்மதந்தாம்மான்னுட்டா. முழிச்சிருக்கறவகிட்ட வேற என்ன சொல்லுவா?"

"எப்படி இருக்கா?"

"போய்க் கதவைத் தட்டுவேன். நல்லாருக்கேம்மான்னு உள்ளேயிருந்து சத்தம் வரும்."

எதிரில் இருந்த கண்கள் இமைக்கவில்லை. இமைக்கிற அளவுக்கு அங்கே தோல் இல்லை.

டாக்டர் கூப்பிட்டார். அவருடைய இமைகள் கன்னம் வரை இறங்கியிருந்தன. தோளில் ஒரு போர்வை கிடந்தது. மரகதவல்லிக்கு அதைப் பார்த்ததும் மனசு லேசானது. தூங்குகிறவர்கள் இரண்டு பேர் ஒரு அறையில் இருந்தால் ஒளிவுமறைவுக்கு வேலை இல்லை.

"நீங்க தூங்கறதால சொல்றேன்" என்றார் டாக்டர். "இங்க வர்றவங்க யாரும் தனக்குன்னு வர்றதில்லம்மா. போட்டோவுல சரியா விழலைன்னு வருவாங்க. ஆபீஸ்ல வயசாயிடுச்சுங்கறாங்கன்னு வருவாங்க. நாத்தனார் பண்ணிக்கிட்டான்னு வருவாங்க. உங்களுக்குப் பார்வையை மறைக்குதா?"

"இல்ல டாக்டர். வேணுங்கறது தெரியுது."

"பின்ன எதுக்கு?"

"ஒருத்தர்கிட்ட வேணாம்னு சொல்லணும். சொன்னா உளர்றேங்கறாரு."

டாக்டர் யோசித்தார். உண்மையாகவே தூங்கிவிட்டாரோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"ஒரு கண்ணை மட்டும் தூக்குவீங்களா?" என்று கேட்டாள்.

"ஜோடியாத்தான் பண்றது. செருப்பு மாதிரி."

"ஒத்தைச் செருப்பு யாரும் கேக்கறதில்லியா?"

"கோயில் வாசல்ல தொலைச்சவங்க கேப்பாங்க." அவர் கையால் துழாவி ஊசியை எடுத்தார். "எந்தக் கண்ணு?"

"வீட்டுக்காரர் எனக்கு வலப்பக்கம் உக்காருவாரு."

"அப்ப வலது."

கட்டுப் பிரிக்கிற நாளில் டாக்டர் வீட்டுக்கே வந்தார். செக்ரட்டரி கஜபதி பொறுப்பை எடுத்துக்கொண்டார். அவர் தெருக்கோயில் கும்பாபிஷேகக் கமிட்டியில் இருந்தவர். புது அம்மன் சிலைக்கு ஸ்தபதி உளியால் கண் திறந்ததைக் கிட்ட இருந்து பார்த்தவர். கண் திறப்பது என்றால் அவருக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான்.

"முதல் பார்வை உக்கிரமா இருக்கும். யாரும் நேரா நிக்கப்படாது. பசுவும் கன்னும்தான் நிக்கணும். தட்டுல நெல்லு. பக்கத்துல கண்ணாடி."

டாக்டர் மறுக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தார். பசுவையும் கன்றையும் லிஃப்டில் ஏற்றினார்கள். கன்று எல்லா பட்டனையும் நக்கியதால் லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நின்றது. ஒவ்வொரு மாடியிலும் ஆட்கள் ஏறப் பார்த்துவிட்டு, "இடம் இல்ல போல, நீங்க போங்க" என்று பசுவிடம் சொன்னார்கள். தணிகாசலம் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் நின்றார். சகுந்தலா அவருக்குப் பின்னால் நின்றாள். பஞ்சை எடுத்தார்கள்.

மரகதவல்லியின் வலது கண் திறந்தது. பசு பார்த்தது. ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு அது கூடுதலாகக் கறந்தது என்று சொல்லுகிறார்கள். மாட்டுக்காரரைக் கேட்டால் வழக்கம்போலத்தான் என்கிறார்.

கஜபதி எட்டிப் பார்த்தார்.

"இந்தக் கண்ணு?"

"அது தூங்கட்டும்" என்றாள் மரகதவல்லி.

அன்றிலிருந்து குடியிருப்பில் ஒரு பழக்கம் வந்தது. வலப்பக்கம் வந்தவர்கள் "சாப்டீங்களாக்கா?" என்றார்கள். அவள் முன்னால் நின்றதும் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்கள். இடப்பக்கம் வந்தவர்கள் போர்வையைப் போர்த்திவிட்டு மனதில் இருப்பதைப் பேசினார்கள். செண்பகம் வலப்பக்கம் நின்று, "அத்தை காசியிலேயே இருக்கேன்னு பிரியப்படறாங்க" என்றாள். சுற்றிவந்து இடப்பக்கம் நின்று, பழைய பூட்டு அரிசி டின்னுக்குள் இருப்பதைச் சொன்னாள். மதுமிதா இடப்பக்கமே வளைய வந்தாள். நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் அந்தத் தோளில் சாய்ந்து அழுதாள். "என்னைக் கேட்டா ஆமான்னுடுவேம்மா. எனக்கு வாய் வராது" என்றாள்.

நிச்சயதார்த்தம் கார் நிறுத்துகிற இடத்தில் பந்தல் போட்டு நடந்தது. கதவுக்கு மாலை போட்டு நடுவில் நிறுத்தினார்கள். ஒரு பக்கம் நாகலிங்கமும் மனைவியும். எதிரில் தணிகாசலம், அவருக்கு இடப்பக்கம் மரகதவல்லி, அவளை ஒட்டி சகுந்தலா, கை நீட்டத் தயாராக.

தாம்பூலத் தட்டை எடுத்துக்கொண்டு நாகலிங்கம் நிமிர்ந்தார். மரகதவல்லி அவரைப் பார்த்தாள். ஒரு கண் நன்றாகத் திறந்திருந்தது. ஒரு கண் மூடியிருந்தது.

நாகலிங்கம் குனிந்துகொண்டார். சட்டைக் காலரை இழுத்து விட்டார். மறுபடி நிமிர்ந்தார். அது இன்னும் அப்படியே இருந்தது. அவர் மீசையைத் தடவினார்.

அவர் மனைவி பார்த்துவிட்டாள்.

"என்னங்க, அந்தம்மா உங்களைப் பாத்துக் கண்ணடிக்கறாங்க."

"நான் ஒண்ணும் பண்ணலடி."

"ஒண்ணும் பண்ணாமலா இவ்ளோ நேரமா அடிக்கறாங்க? காலரை எதுக்கு இழுத்து விட்டீங்க?"

"புழுக்கம்."

"மீசைக்குமா?"

தணிகாசலம் எழுந்து மனைவியை வலப்பக்கத்திலிருந்து பார்த்தார். "கண்ணைத் திறந்துட்டுதானே இருக்கா" என்றார்.

சகுந்தலா இடப்பக்கத்திலிருந்து பார்த்தாள். "தூங்கறா" என்றாள்.

"பாத்தீங்களா, ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க!" என்றாள் சம்பந்தியம்மாள்.

இந்த நேரத்துக்காகத்தான் மரகதவல்லி இமையை வெட்டிக்கொண்டது. அவள் மூச்சை இழுத்து, வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"வேணாம்! இந்தச் சம்பந்தமே வேணாம்!" என்றாள் சம்பந்தியம்மாள். தட்டைப் பிடுங்கினாள். வெற்றிலை பந்தல் முழுக்கப் பறந்தது. கதவைத் தூக்கச் சொன்னாள். தூக்கினார்கள். அதற்குப் பின்னாலிருந்து, "அம்மா, சாப்பாடு?" என்று ஒரு குரல் வந்தது. நல்ல குரல் என்று செண்பகம் பிறகு சொன்னாள்.

எல்லோரும் போனபின் தணிகாசலம் தலையில் கை வைத்துக்கொண்டு சமையல்காரரிடம் புலம்பப் போனார். சகுந்தலா கீழே சிந்திய பாக்கைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மரகதவல்லி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். மதுமிதா வந்து வலப்பக்கம் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் அவள் உட்கார்வது அதுதான் முதல் தடவை. திறந்த கண்ணை நேராகப் பார்த்தாள்.

"முழிச்சிருக்கியாம்மா?"

"பாதி."

மதுமிதா வளையலைத் திருகினாள்.

"எனக்கு அந்த இடம் பிடிக்கவே இல்லம்மா."

"அப்படியா?" என்றாள் மரகதவல்லி. ஆச்சரியம் தெரிவதற்காக வலது கண்ணை இன்னும் கொஞ்சம் விரித்தாள். "இப்பதான் கேக்கறேன். முன்னாடியே சொல்லக் கூடாதாடி?"

"பயம்."

"வேற ஏதாவது இருக்கா?"

"வேற ஒண்ணும் இல்லம்மா. நல்லாருக்கேன்."

 பிறகு மதுமிதா எழுந்தாள். நாற்காலியைச் சுற்றிவந்து இடப்பக்கம் உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பால் அம்மாவின் தோளைப் போர்த்திவிட்டாள்.

"அவன் பேரு இளமாறன்மா" என்று ஆரம்பித்தாள்.

மரகதவல்லி சின்னதாக ஒரு குறட்டை விட்டாள்.